பெயர் அறிந்த பின்பே மருந்து

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறை முடிந்து மதுரையிலிருந்து தில்லிக்குத் திரும்பியபோது என் கைப்பையில் தீப்பெட்டியினும் சிறிய மெழுகுக் கட்டி ஒன்று இருந்தது. இரண்டு இரவு இரயில் பயணம். நாகபுரியைத் தாண்டும்போது வண்டிக்குள் அனல் வீசிற்று. மெழுகு உருகிவிடுமோ என்று அஞ்சி, அதை ஒரு டப்பாவில் இட்டு, டப்பாவை ஈரத்துணியால் சுற்றி, தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக் காத்து வந்தேன். அந்த மெழுகுக்குள் என் பெரியம்மாவின் உடலிலிருந்து எடுத்த, அரிசி மணியளவான திசுத் துண்டு பதிந்திருந்தது.

அந்தத் துண்டைப் பற்றி முதலில் வந்த அறிக்கை ஒன்று கூறிற்று. இரண்டாம் முறை ஆராய்ந்தவர்கள் வேறொன்று கூறினார்கள். இரண்டும் புற்றுநோய்தான், பெயர் மட்டுமே வேறு. ஆனால் பெயர் மாறியதும் செய்ய வேண்டிய சோதனைகள் மாறின, மருந்தும் மாறிற்று. அந்தப் பெயர் யாது, அதனை எவ்வாறு கண்டறிகிறார்கள், கண்டறிந்தபின் என்ன செய்கிறார்கள் என்பவற்றை நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவ மாணவன் அல்லேன், உயிர்வேதியியல் பயில்பவன். எனவே இதனை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ளாமல், சோதனைச்சாலையில் சாயமிட்டுப் பழகிய ஒருவன் படித்துத் தெரிந்துகொண்ட பாடமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

கருப்பை வாயும் அதன் புற்றும்

கருப்பை என்பது தலைகீழாகத் தொங்கவிட்ட பேரிக்காய் போன்ற உறுப்பு. அதன் அடிப்பகுதி குறுகிக் கழுத்தாகி, பிறப்புப் பாதைக்குள் திறக்கிறது. இக்கழுத்தையே கருப்பை வாய் என்கிறோம். இதன் வெளிப்புறத்தைத் தட்டையான உயிரணுக்கள் மீன் செதிள்போல் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. உட்புறக் குழாயில் உயரமான உயிரணுக்கள் ஒரே வரிசையாக நின்று சளி போன்ற நீரைச் சுரக்கின்றன. இவ்விரு வகையும் சந்திக்கும் எல்லையில்தான் பெரும்பாலும் புற்று தொடங்குகிறது. செதிள் உயிரணுவில் தோன்றுவது செதிள் புற்று. சுரக்கும் உயிரணுவில் தோன்றுவது சுரப்பிப் புற்று. கருப்பை வாய்ப் புற்றுகளில் மிகப் பெரும்பான்மை செதிள் புற்றே. அடுத்த இடம் சுரப்பிப் புற்றுக்கு.

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தனர். இந்தியாவில் மட்டும் புதிய நோயாளிகள் 1,27,000-க்கு மேல். இறந்தோர் ஏறத்தாழ 80,000.

இதன் காரணமும் இன்று நன்கு தெரிந்ததே. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்னும் நுண்ணுயிரிதான் அது. இக்குடும்பத்தில் வைரசுகள் பல. அவற்றை எண் இட்டு அழைக்கிறார்கள். ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஜுர் ஹௌசனும் அவருடைய குழுவினரும் 1983-இல் 16-ஆம் வகையையும், 1984-இல் 18-ஆம் வகையையும் கருப்பை வாய்ப் புற்றில் கண்டனர். இப்பணிக்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸ் தொற்றாத பெண்கள் குறைவு. பெரும்பாலோரின் உடல் அதனை இரண்டொரு ஆண்டில் தானே அகற்றிவிடுகிறது. அகலாமல் தங்கிவிட்ட சிலரிடமே, பல ஆண்டுகள் கழித்து, புற்று உண்டாகிறது. இந்தக் கால இடைவெளி இருப்பதனால்தான் முன்கூட்டிச் சோதித்துத் தடுப்பது இயலுவதாகிறது.

இதுவரை சொன்னது பொதுவான புற்றின் வரலாறு. நூற்றில் ஒன்று அல்லது ஒன்றரை என்ற அளவில் மட்டும் வரும் மற்றொரு வகை உண்டு. நாம் காண வந்தது அதுவே.

நரம்பும் சுரப்பியும் கலந்த உயிரணு

நம் உடலில் நரம்பு உயிரணுக்களும் இருக்கின்றன. இரத்தத்தில் நேரே இயக்குநீரைக் கலக்கும் நாளமில்லாச் சுரப்பிகளும் இருக்கின்றன. இவ்விரண்டின் குணமும் ஓரளவு கலந்த உயிரணுக்கள் குடல், நுரையீரல், கணையம் முதலிய இடங்களில் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. இவை வேதிப்பொருள்களை மிக நுண்ணிய பொட்டலங்களாகக் கட்டி வைத்திருந்து, சமிக்ஞை வந்ததும் வெளியிடும். குடலில் இத்தகைய உயிரணுக்களை ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் குல்சிட்ஸ்கி 1897-இல் விவரித்தார். கருப்பை வாயிலும் இவை சிலவாக உள்ளன. இவற்றை நரம்புச்சுரப்பு உயிரணுக்கள் என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

இவற்றின் இயல்பு கொண்ட கட்டிகளுக்குப் பெயரிட்டவர் சீக்பிரீட் ஓபர்ன்டார்பர். மியூனிக் நகரில் பணியாற்றிய அவர், 1907-இல் சிறுகுடலில் கண்ட சில கட்டிகள் புற்றுப்போல் தோன்றினும் தீங்கற்றவை எனக் கருதி, 'புற்றுப் போன்றது' என்ற பொருளில் 'கார்சினாய்டு' என்று பெயர் சூட்டினார். இவற்றில் சில பரவிக் கொல்லவும் கூடும் என்பதை 1929-இல் அவரே ஒப்புக்கொண்டார். பெயர் சூட்டியவரையே அப்பெயர் இருபது ஆண்டுகளுக்குமேல் ஏமாற்றிவிட்டது!

கருப்பை வாயில் இத்தகைய கட்டியை 1972-இல் அல்போரெஸ்-சாவெத்ரா என்ற நோய்க்கூறியல் அறிஞர் தம் குழுவினருடன் விவரித்தார். அதன்பின் ஆளுக்கொரு பெயரிட்டு அழைத்ததனால் குழப்பம் மிகுந்தது. 1997-இல் அறிஞர் கூடி நான்கு பெயர்களை வகுத்தனர். 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, மெல்ல வளரும் கட்டிகள் ஒருபுறம். சிற்றணுப் புற்று, பேரணுப் புற்று என்னும் கடுமையான இரண்டு மறுபுறம். செதிள் புற்றோடோ சுரப்பிப் புற்றோடோ கலந்து வருவதும் உண்டு.

இங்கே வாசகர் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குடலிலும் கணையத்திலும் தோன்றும் நரம்புச்சுரப்புக் கட்டிகளில் பல மெதுவாக வளர்பவை. நோயாளி பல ஆண்டுகள் நலமாக இருக்கக்கூடும். கருப்பை வாயில் நிலைமை தலைகீழ். மெல்ல வளரும் வகை இங்கே மிக மிக அரிது. வருவன பெரும்பாலும் கடுமையானவையே, அவற்றிலும் சிற்றணுப் புற்றே மிகுதி. ஒரே குடும்பப் பெயரைக் கேட்டு, குடல் கட்டிக்காரர் ஒருவர் பதினைந்து ஆண்டு வாழ்ந்தார் என்று ஆறுதல் அடைவதும் தவறு. கருப்பை வாய்க் கதையைக் கேட்டுக் குடல் கட்டிக்காரர் கலங்குவதும் தவறு.

நூற்றில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அதே விகிதம் நம் நாட்டுக்கும் பொருந்துமாயின், ஆண்டுக்கு ஆயிரத்து இருநூற்று எழுபது பெண்களுக்குக் குறையாது என்று கணக்கு வருகிறது. இவர்களுள் நாற்பது வயதை ஒட்டியவர் மிகுதி. இருபதுகளில் இருப்போரும் உண்டு.

அறிகுறியும் கூச்சமும்

இந்நோய்க்கென்று தனி அறிகுறி ஏதும் இல்லை. மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாளில் இரத்தம் படுதல், கணவன் மனைவி உறவுக்குப்பின் இரத்தம் படுதல், மாதவிலக்கு நின்று போனபின் மீண்டும் இரத்தம் படுதல், நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு, இடுப்பு வலி ஆகிய இவை பொதுவான கருப்பை வாய்ப் புற்றின் அறிகுறிகளே. மிகச் சிலரிடம் மட்டும் கட்டி சுரக்கும் இயக்குநீரால் இரத்தத்தில் உப்புக் குறைவு போன்ற விநோதத் தொல்லைகள் வரும்.

பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆகியிருந்தது. பிறகு மீண்டும் இரத்தம் பட்டது. ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறைக்குப் போயிருந்த நான், "ஏன் பெரியம்மா, முன்னமே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "போடா தம்பி, இதையெல்லாம் ஆம்பிளப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? உங்க பெரியப்பாகிட்டயே சொல்லல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மெதுவாக வளரும் செதிள் புற்றிலேயே ஏழு மாதம் பெரிது. சிற்றணுப் புற்றிலோ ஏழு மாதத்தில் நோய் ஒரு படியிலிருந்து மறு படிக்குத் தாவிவிடக் கூடும்.

'ஆண்டுதோறும் சோதனை செய்துகொண்டால் போதாதா?' என்று சிலர் கேட்கலாம். ஜார்ஜ் பாப்பனிக்கலோ என்பவர் டிராட் என்ற மருத்துவருடன் 1943-இல் நூலாக வெளியிட்ட முறை ஒன்று உண்டு. கருப்பை வாயின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி, உதிரும் உயிரணுக்களைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது அது. 'பாப் சோதனை' என்று பெயர். அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னும் எளிய முறை ஒன்றைக் கையாண்டார்கள். காடிநீரைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்ப்பது. அச்சோதனையால் கருப்பை வாய்ப் புற்றுச் சாவு நூற்றுக்கு 35 குறைந்தது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆனால் இம்முறைகள் மேற்பரப்பைப் பார்ப்பவை. நரம்புச்சுரப்புப் புற்றோ பெரும்பாலும் மேற்பரப்புக்கு அடியில் வளர்கிறது. மேலே மூடிய தோல் கெடாமலே இருக்கலாம். உதிர்ந்து வந்தாலும் அதன் சிறிய உயிரணுக்களை அழற்சி உயிரணுக்கள் என்று எண்ணிவிட இடமுண்டு. மேலும் வேகமாக வளர்வதால் இரண்டு சோதனைகளுக்கு இடையிலேயே தோன்றிப் பெருகிவிடலாம். ஆதலால் சோதனை முடிவு நன்றாக இருந்தும் இரத்தம் படுவது நிற்கவில்லையென்றால், 'சோதனைதான் சரியாக வந்துவிட்டதே' என்று இருந்துவிடக் கூடாது. மருத்துவர் நேரில் பார்த்து, ஐயமுள்ள இடத்திலிருந்து திசுவை வெட்டி எடுத்து ஆராய வேண்டும்.

கண்ணாடித் தகட்டில் காண்பது

வெட்டி எடுத்த திசுவை பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதிக்கிறார்கள். மெழுகுக் கட்டியை மூன்று, நான்கு மைக்ரான் தடிமனுள்ள ஏடுகளாகச் சீவுகிறார்கள். தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வேட்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஹெமடாக்சிலின், இயோசின் என்னும் இரண்டு சாயங்களில் தோய்த்தால் உயிரணுவின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

சிற்றணுப் புற்றில் உயிரணு முழுவதும் உட்கருவாகவே காணும். சுற்றியுள்ள சதைப்பொருள் மிகச் சொற்பம். உட்கரு கருத்திருக்கும், அதற்குள் உப்பையும் மிளகையும் கலந்து தூவியதுபோல் நுண்புள்ளிகள் இருக்கும். கூடையில் திணித்த பழங்கள்போல் ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றின் வடிவுக்கு மற்றொன்று வளைந்திருக்கும். வெட்டும்போது நசுங்கி மைக்கோடுகள்போல் இழுபட்டிருப்பதும் உண்டு. பிளவுபடும் உயிரணுக்களும் மடிந்த உயிரணுக்களும் மலிந்திருக்கும். பேரணுப் புற்றில் உயிரணுக்கள் பெரியவை. உட்கருவுக்குள் நுண்கரு தெளிவாகத் தெரியும். சில இடங்களில் அவை பூவிதழ்போல் வட்டமாக அடுக்கியிருக்கும்.

இவ்வளவு அடையாளம் இருக்க, தவறு எங்ஙனம் நேரும்? கிடைப்பது அரிசி மணியளவுத் துண்டு. அது நசுங்கியிருக்கலாம். முதிர்ச்சியற்ற செதிள் புற்றிலும் சிறிய கரிய உயிரணுக்கள் உண்டு. நிணநீர்ப் புற்றும் அப்படியே தோன்றும். ஆண்டு முழுவதும் நூறு செதிள் புற்றுகளைப் பார்த்த கண், நூற்றோராவதையும் அதுவாகவே காண்பது இயல்பு. பெரியம்மாவின் முதல் அறிக்கை 'முதிர்ச்சி குன்றிய செதிள் புற்று' என்றது. அதை எழுதியவரை நான் குறைகூறவில்லை. சாதாரணச் சாயத்தில் மட்டும் பார்த்தால் பலரும் அவ்வாறே எழுதியிருக்கக் கூடும்.

ஐயத்தைத் தீர்ப்பது எதிர்ப்பொருள் சாயம். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஏட்டின்மீது விட்டு, அது பற்றிய இடத்தைப் பழுப்பு நிறமாக்கிக் காட்டும் முறை இது. நரம்புச்சுரப்பு உயிரணுக்கள் வேதிப்பொருளைப் பொட்டலம் கட்டுபவை என்றேன் அல்லவா? அப்பொட்டலங்களின் புரதங்களே இங்கே சாட்சிகள். முக்கியமானவை நான்கு:

சினாப்டோபைசின்: பொட்டலத்தின் உறையிலுள்ள புரதம். பெரும்பாலான நோயாளிகளில் தென்படும்.

குரோமோகிரானின்: பொட்டலத்தின் உள்ளே இருப்பது. தென்பட்டால் மிக நம்பத்தக்க சாட்சி. ஆனால் எல்லோரிடமும் தென்படாது.

சி.டி.56: எளிதில் தென்படும், ஆயின் வேறு கட்டிகளிலும் தென்படுவதால் இதனை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது.

ஐ.என்.எஸ்.எம்.1: உட்கருவில் காணும் புரதம், அண்மைக் காலத்தில் பயனுக்கு வந்தது.

இவற்றோடு, செதிள் புற்றின் அடையாளமான பி.40 இல்லாதிருப்பதையும் பார்க்கிறார்கள். கீ-67 என்ற சாயம் பிளவுபட முனையும் உயிரணுக்களை எண்ணிக் காட்டும். இந்நோயில் அவ்வெண் மிக உயர்ந்திருக்கும். பி.16 என்பது எச்.பி.வி.யின் செயலை உணர்த்தும். நுரையீரல் புற்றின் அடையாளமாகக் கருதப்படும் டி.டி.எஃப்.1 கருப்பை வாய்க் கட்டியிலும் வரக்கூடும். அதை மட்டும் கண்டு 'நுரையீரலிலிருந்து வந்தது' என்று முடிவு கட்டலாகாது. சிற்றணுப் புற்றில் சாட்சிகள் அனைத்தும் மௌனமாக இருப்பதும் உண்டு. அப்போது தேர்ந்த கண்ணே தீர்ப்புக் கூற வேண்டும்.

சென்னையிலும் வேலூரிலும் இவ்வசதிகள் நிறைய உண்டு. எனக்குப் பழக்கமான நோய்க்கூறியல் பேராசிரியர் ஒருவர் இங்கே இருந்தமையாலேயே மெழுகுக் கட்டியைத் தில்லிக்குக் கொண்டு வந்தேன். ஐந்தாம் நாள் அவர் என்னை அழைத்து, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நீலத் திட்டுகள் இருந்த இடமெல்லாம் பழுப்பாக மாறியிருந்தது. "சினாப்டோபைசின்" என்றார். சோதனைச்சாலையில் நான் நூறு முறை அந்தப் பழுப்பு நிறத்தைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். சோதனை வெற்றி என்று பொருள். அன்று மகிழ முடியவில்லை.

ஒரு பழைய பெயர்ப்பிழை

எங்கள் சோதனைச்சாலையில் நாள்தோறும் வளர்க்கும் 'ஹீலா' உயிரணுக்களைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து, அவர் அறியாமலே எடுக்கப்பட்டவை. அவ்வாண்டு அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்தார். அவருடைய நோயைச் செதிள் புற்று என்று அன்று எழுதினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பழைய தகடுகளை மீண்டும் பார்த்தவர்கள், அது சுரப்பிப் புற்று என்று 1971-இல் வெளியிட்டனர். அதனுள் எச்.பி.வி. 18-ஆம் வகை இருந்தது என்பது இன்னும் பிற்காலத்தில் தெரிய வந்தது.

அன்று அப்பிழையால் சிகிச்சை மாறியிராது. இரண்டுக்கும் ரேடியமே மருந்தாக இருந்தது. இன்று அப்படியன்று. செதிள் புற்றைச் சிற்றணுப் புற்று எனக் கொண்டாலும், சிற்றணுப் புற்றைச் செதிள் புற்று எனக் கொண்டாலும் நோயாளி தவறான வழியில் அனுப்பப்படுகிறார்.

மருத்துவம்

பெயர் தெரிந்ததும் அடுத்த வேலை, நோய் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என அளப்பது. இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. படம்; உடல் முழுவதற்கும் பெட் ஸ்கேன் அல்லது மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன். நுரையீரலிலோ கல்லீரலிலோ பரவியிருந்தால் மூளையையும் பார்க்க வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே நிணநீர்க் கணுக்களுக்கும், இரத்த வழியாக நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை ஆகியவற்றுக்கும் செல்வது இந்நோயின் குணம். சிகிச்சை முழுவதும் இந்த ஒரு குணத்தை முன்னிட்டே அமைந்திருக்கிறது. இருக்கும் இடத்தை மட்டும் வெட்டினாலோ சுட்டாலோ போதாது. கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிவிட்டவற்றை அழிக்க, உடல் முழுவதும் செல்லும் மருந்து தொடக்கத்திலேயே வேண்டும்.

இதற்கான மருந்துகளை நுரையீரல் சிற்றணுப் புற்று மருத்துவத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். அவை இரண்டு.

முதலாவது சிஸ்பிளாட்டின். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர், மின்னோட்டம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினத் தகடுகளைப் பயன்படுத்தினார். பாக்டீரியா வளர்ந்து நீண்டது, ஆனால் பிளவுபடவில்லை. காரணம் மின்சாரமன்று, தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மமே என்று கண்டார். பிளவுபடுதலைத் தடுக்கும் பொருள் புற்றையும் தடுக்குமன்றோ? அவ்வழியே ஆராய்ந்ததில் 1978-இல் அது அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. டி.என்.ஏ. இழைகளைக் குறுக்கே பிணைத்து, உயிரணு பெருகவொட்டாமல் செய்கிறது.

இரண்டாவது எட்டோபோசைடு. இதற்கு நம் நாட்டுத் தொடர்பு உண்டு. இமயமலைச் சரிவுகளில் வளரும், இங்கே இந்தியில் 'பன் ககடி' எனப்படும் சிறு செடியின் வேர்க்கிழங்கில் பொடோபில்லோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் வளரும் அதன் உறவுச் செடியைவிட இமயச் செடியில் இப்பொருள் மிகுதி. அதிலிருந்து 1966-இல் ஸ்விட்சர்லாந்தில் எட்டோபோசைடு உருவாக்கப்பட்டது. 1983-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. டி.என்.ஏ. இழையின் முறுக்கை அவிழ்க்க அதனை வெட்டி மீண்டும் ஒட்டும் நொதி ஒன்று உண்டு. வெட்டிய பின் ஒட்டவிடாமல் தடுப்பதே இம்மருந்தின் வேலை.

இரண்டையும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு சுற்றாக, பொதுவாக நான்கு முதல் ஆறு சுற்று வரை கொடுக்கிறார்கள். மற்றவை நோயின் நிலையைப் பொறுத்தவை.

கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்து, கருப்பை வாயைத் தாண்டாதிருந்தால்: கருப்பையையும் சுற்றுத் திசுக்களையும் இடுப்பு நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் பெரிய அறுவை, பிறகு இரு மருந்துகள், தேவைக்கேற்பக் கதிர்வீச்சு. அறுவைக்கு முன்பே மருந்து தொடங்குவோரும் உண்டு.

கட்டி பெரிதாகவோ, அக்கம்பக்கத்துக்கு அல்லது கணுக்களுக்குப் பரவியோ இருந்தால்: அறுவை இல்லை. வெளியிலிருந்து கதிர்வீச்சும் அதனோடு அவ்விரு மருந்துகளும். பின் கருப்பை வாய்க்குள்ளேயே கதிர்மூலத்தை வைத்துச் செய்யும் உட்கதிர்வீச்சு. அதன்பின் எஞ்சிய மருந்துச் சுற்றுகள்.

தொலை உறுப்புகளுக்குப் பரவியிருந்தால்: மருந்தே முதன்மை. நுரையீரல் சிற்றணுப் புற்றில் அட்டிசோலிசுமாப், டுர்வாலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துகள் பயன் தருவதை 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. அதைப் பின்பற்றி இங்கும் அவற்றைச் சேர்க்கிறார்கள். நோய் திரும்பி வந்தால் டோபோடீகான், பாக்லிடாக்சல், பெவாசிசுமாப் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு வழி.

சாதாரணச் செதிள் புற்றுக்கு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மட்டும் கதிர்வீச்சோடு கொடுப்பது வழக்கம். பெரியம்மாவுக்கும் முதலில் அதையே திட்டமிட்டிருந்தார்கள். பெயர் மாறியதால்தான் எட்டோபோசைடு சேர்ந்தது. பெட் ஸ்கேன் எடுக்கப்பட்டது.

மருந்துகளின் தொல்லையையும் மறைக்கலாகாது. வாந்தி, முடி உதிர்தல், வெள்ளணுக் குறைவால் தொற்று ஆகியவை வரும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் நரம்பையும் தாக்கக்கூடும். இளம் பெண்களாயின், சிகிச்சைக்குப்பின் கருத்தரிக்க இயலாது போகும் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு செய்தும் பலன் என்ன? எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தாண்டு உயிர் வாழ்வோர் மூவரில் ஒருவர் என்ற அளவில்தான் பழைய கணக்குகள் காட்டுகின்றன. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டோர் நிலை இதனினும் நன்று. நோய் அரிதாக இருப்பதால், இரு சிகிச்சைகளை ஒப்பிடத்தக்க பெரிய ஆய்வு நடத்துமளவுக்கு ஓரிடத்தில் நோயாளிகள் சேர்வதில்லை. பல நாட்டு நோயாளிகளின் விவரங்களை ஓரிடத்தில் பதிந்து வரும் பதிவேடு ஒன்றை அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் நடத்துகிறது. அரிய நோயில் ஒவ்வொரு நோயாளியின் வரலாறும் அடுத்தவருக்குப் பாடமாகிறது.

தடுக்க முடியுமா?

முடியும் என்று நம்பக் காரணம் உண்டு. நுரையீரல் சிற்றணுப் புற்றுக்குப் புகையிலை காரணம். கருப்பை வாய்ச் சிற்றணுப் புற்றுக்கோ பெரும்பாலும் எச்.பி.வி. 18-ஆம் வகையும், அடுத்ததாக 16-ஆம் வகையுமே காரணம். இவ்விரண்டையும் தடுக்கும் ஊசிமருந்து 2006 முதல் உலகில் உள்ளது. நம் நாட்டிலேயே பூனாவின் சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவாக்' 2023-இல் வெளிவந்தது. அது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் எதிர்ப்பது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டுக்கொள்வது மிக நன்று. மேற்பரப்பைப் பார்க்கும் சோதனைகளுக்கு அகப்படாத இந்நோய்க்கு, வைரசையே நுழையவிடாத ஊசிதான் தக்க காவல்.

நிறைவுரை

அன்பர்களே! நாம் மருத்துவர்கள் அல்லோம். ஆயினும் படித்தவர்கள் என்று நம்பி, ஊரிலுள்ள சுற்றத்தார் ஆஸ்பத்திரிக் காகிதங்களை முதலில் நம்மிடமே காட்டுகிறார்கள். அப்போது நாம் செய்யத்தக்கவை மூன்று. இரத்தம் படுவதைச் சொல்ல நம் வீட்டுப் பெண்கள் கூச வேண்டியதில்லை என்ற நிலையை வீட்டில் உண்டாக்குவது ஒன்று. அறிக்கையில் 'முதிர்ச்சி குன்றிய' என்றோ, 'ஐயத்துக்குரிய' என்றோ, கேளாத பெயர் ஒன்றோ இருந்தால், மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் கேட்டு வாங்கி இன்னொரு நோய்க்கூறியல் மருத்துவரிடம் காட்டுவது மற்றொன்று. கேட்டால் கொடுப்பார்கள், கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. இதற்கு ஒரு வாரம் செலவாகலாம். மாதக்கணக்கில் இழுக்க விடலாகாது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்றையும் அறிந்தவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடத்தில் சிகிச்சை தொடங்குவது மூன்றாவது.

பெரியம்மாவுக்குக் கதிர்வீச்சும் ஆறு சுற்று மருந்தும் முடிந்துவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய்வருகிறார்கள். சென்ற முறை ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்தது பொங்கலுக்குப் பின். போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, "தம்பி, நம்ம செல்வியும் ரெண்டு மூணு மாசமா அப்படித்தான் இருக்காளாம். நானே கையப் பிடிச்சு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன்" என்றார்கள். ஏழு மாதம் வாய் திறவாதிருந்த அதே பெரியம்மாதான் இதைச் சொன்னது. செல்விக்குத் திசுச் சோதனையில் புற்று இல்லை என்று வந்திருக்கிறது.